மஞ்சள் நூலும் கீழ்வீட்டுக் கல்யாணமும்

தொடக்கநிலை நான்கில் நான் வகுப்பு மானிட்டர். ஆசிரியர் இல்லாத நேரத்தில் பேசியவர்களின் பெயரைப் பலகையில் எழுதுவது என் வேலை. அந்தப் பதவி எனக்குத் தலைக்கேறியிருந்தது என்பது இப்போது தெரிகிறது. பள்ளியில் எழுதியது போதாதென்று வீட்டுக்காகவும் மனதுக்குள் ஒரு பலகை வைத்திருந்தேன். அப்பா ஈரத் துண்டைக் கட்டிலில் போட்டால் அதில் அவர் பெயர் ஏறும். அம்மா தொலைபேசியில் "கிளம்பிட்டோம் லா, எம்ஆர்டி ரயில்ல இருக்கோம்" என்று இந்த ஊர் 'லா' சேர்த்து யாரிடமோ சொல்லிக்கொண்டே குளியலறைக்குப் போனால் அவள் பெயர் ஏறும். ஒருமுறைகூட ஏறாத பெயர் அத்தையுடையது. அவள் வாயைத் திறந்தால்தானே ஏறுவதற்கு.

அத்தை அப்பாவின் தங்கை. கல்யாணமாகி சுவா சூ காங்கில் இருந்தவள், ஒருநாள் பெட்டிகளோடு மார்சிலிங்கில் எங்கள் வீட்டுக்கு வந்தாள். பிறகு திரும்பிப் போகவில்லை. மாமாவுக்கும் அவளுக்கும் ஒத்துப்போகவில்லை, கோர்ட்டுக்குப் போய்ப் பிரிந்துவிட்டார்கள். இது சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் தெரியும், எனக்குத்தான் தெரியாது. ஆபீஸ் போய்வர எங்கள் வீடுதான் அத்தைக்குப் பக்கம் என்று எனக்குச் சொல்லியிருந்தார்கள். அத்தையின் ஆபீஸ் தஞ்சோங் பகாரில் இருந்தது. மார்சிலிங்கிலிருந்து பார்த்தால் அது தீவின் மறுகோடி. அவ்வளவு கண்டிப்பான மானிட்டருக்கு அது மட்டும் இடிக்கவே இல்லை.

வந்த புதிதில் அத்தை ஆபீஸ் போவாள், வருவாள், அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள். மின்தூக்கியில் தெரிந்தவர்கள் நின்றால் ஏதோ மறந்ததுபோல் திரும்பி நடப்பாள். எங்களுக்கு நேர் கீழ்வீட்டில் ஒரு மலாய்க் குடும்பம் இருந்தது. அந்த வீட்டு அம்மாவை எங்கள் அடுக்குமாடிப் புளோக்கே மக்சிக் என்று கூப்பிடும். நாம் பெரியம்மா, அத்தை என்று முறை வைத்துக் கூப்பிடுவதைப் போல மலாயில் அது. மக்சிக் தங்கமான மனுஷி, ஆனால் வாய் ஓயாது. எங்கள் சமையலறை ஜன்னலில் ஒரு தலை தெரிந்தால் போதும், கீழிருந்து நிமிர்ந்து பார்த்து விசாரணையை ஆரம்பித்துவிடுவார். அத்தையைப் பார்த்தால், வீட்டுக்காரர் எங்கே, கண்ணிலேயே படவில்லையே என்று கேட்பார். அதற்குப் பயந்து அத்தை அந்த ஜன்னலில் எட்டிப் பார்ப்பதையே விட்டுவிட்டாள். பின்னால் நடந்ததெல்லாம் இதிலிருந்து வந்ததுதான்.

அத்தைக்கு உயர்நிலைப் பள்ளிக் காலத்திலிருந்தே குரோஷா போட வரும். இரண்டு ஊசி வைத்துப் பின்னும் ஸ்வெட்டர் பின்னலும் வரும். சாத்திய கதவுக்குள் அவள் அதைத்தான் செய்துகொண்டிருந்தாள். ஒருநாள் அவள் பெயருக்கு ஒரு பார்சல் வந்தது. உள்ளே ஒரு பை நிறையக் கம்பளிப் பஞ்சு, அடியில் வட்டமான மரத்துண்டு செருகிய ஒரு குச்சி. யூடியூபில் பார்த்து, நூலையும் தானே நூற்றுப் பின்னிப் பார்க்கலாம் என்று அவளுக்குத் தோன்றியிருக்கிறது. அம்மா அந்தக் குச்சியைப் பார்த்ததும் அடையாளம் கண்டுகொண்டாள். அம்மா தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி இங்கே வந்தவள். பள்ளியில் கைத்தொழில் வகுப்பில் அதைச் சுற்றி, நூல் அறுந்து அறுந்து, டீச்சரிடம் குட்டு வாங்கியிருக்கிறாள்.

"தக்ளி," என்றாள் அம்மா. "இதுக்குப் பயந்துதான் நான் வியாழக்கிழமை வியாழக்கிழமை வயித்துவலின்னு படுத்துக்குவேன். நீ காசு குடுத்து வாங்கியிருக்கியா? இந்த ஊர்ல கம்பளிய யாரு போடுறது, ஏர்கானுக்கா?"

உண்மையில் எங்கள் வீட்டில் கம்பளி தேவைப்பட்ட ஆள் ஒருவர் இருந்தார். அப்பா ஜூரோங்கில் உறைந்த மீனையும் இறாலையும் வைக்கும் குளிர்க்கிடங்கில் வேலை பார்த்தார். வெளியே வெயிலில் ரோடு உருகும்போது அவர் உள்ளே மூக்கு சிவக்க நின்றிருப்பார். அத்தை முதன்முதலாக நூற்ற நூல் ஓரிடத்தில் தையல் நூல் கனமும் அடுத்த சாணில் கயிறு கனமுமாக இருந்தது. அதிலேயே அவருக்கு ஒரு தொப்பி பின்னிக் கொடுத்தாள். அதைப் போட்டால் அப்பாவின் தலை பல இடங்களில் வீங்கியது போலத் தெரியும். அவர் அதைக் கழற்றவே இல்லை. கிடங்கில் எல்லோரும் எந்தக் கடையில் வாங்கியது என்று கேட்பதாகச் சொன்னார். அது எந்த மாதிரிக் கேள்வி என்று நாங்கள் விசாரிக்கவில்லை.

நூற்க ஆரம்பித்த பிறகு அத்தையின் கதவு கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்தது. அறையில் குச்சி சுற்ற இடம் போதவில்லை என்று கூடத்துக்கு வந்தாள். நின்றுகொண்டு குச்சியை ஒரு சுண்டு சுண்டி விடுவாள். அது அந்தரத்தில் சுழன்றுகொண்டே இறங்கும். மேலே அவள் விரல்களுக்கு நடுவில் பஞ்சு மெல்ல மெல்ல நீண்டு, முறுக்கு ஏறி, கண்ணெதிரே நூலாகும். குச்சி தரையைத் தொடப்போகும் நேரத்தில் பிடித்து, நூலை அதன் உடம்பில் சுற்றிவிட்டு மறுபடி சுண்டுவாள். எனக்கு அதைப் பார்க்க அலுக்கவே அலுக்காது. அவளுக்கும் அலுக்கவில்லை. சில நாள் அவள் தொண்டைக்குள் ஏதோ பாட்டு முனகுவதுகூடக் கேட்கும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னையும் கூட்டிக்கொண்டு தேக்காவுக்குக் கிளம்பினாள். ரயிலில் உட்கார இடம் கிடைத்ததும் குச்சியை எடுத்து நூற்க ஆரம்பித்தாள். அங் மோ கியோவில் ரயில் குலுங்கி நின்றது. நூல் அறுந்து, குச்சி கீழே விழுந்து, பெட்டியின் மறுமுனை வரைக்கும் உருண்டு போனது. அதை எடுத்த ஒரு சீனத் தாத்தா பம்பரம் என்று நினைத்துத் தரையில் சுற்றிப் பார்த்தார். அது சுற்றவில்லை. சரக்கு சரியில்லை, கடைக்காரனிடம் திருப்பிக் கொடுத்துவிடு என்று மிகுந்த அக்கறையோடு சொல்லி அத்தையிடம் நீட்டினார். அத்தை வாங்கி வைத்துக்கொண்டு, வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்கச் சிரித்தாள்.

அன்று வீட்டுக்கு வந்ததும் இதை அம்மாவிடம் சொன்னேன். நடுரயிலில் குச்சியை உருட்டிவிட்டதற்கு அத்தைக்குத் திட்டு விழும் என்று எதிர்பார்த்துத்தான் சொன்னேன். அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வந்து என் எதிரே உட்கார்ந்தாள்.

"சிரிச்சாளா? சும்மா பல்லு தெரிஞ்சுச்சா, இல்ல நல்லா சிரிச்சாளா?"

நல்லா சிரிச்சாங்க என்றேன். மறுபடி முதலிலிருந்து சொல்லச் சொன்னாள். இரவு அப்பா வந்ததும் அவரிடமும் சொல்லச் சொன்னாள். அப்படியொன்றும் பெரிய நகைச்சுவை இல்லையே என்று எனக்கு அலுப்பாக இருந்தது.

அம்மாவிடம் சொல்ல மறந்த ஒன்று உண்டு. தேக்காவில் காய்கறிக் கடைகளுக்கு நடுவே தூரத்துச் சொந்தக்கார அம்மா ஒருவரைப் பார்த்தோம். அவருடைய மகளுக்குத் தை மாதம் கல்யாணம். பையிலிருந்து பத்திரிகையை எடுத்து, பக்கத்தில் நின்ற அத்தையிடம் கொடுக்காமல், குனிந்து என் கையில் கொடுத்தார். "அப்பாவையும் அம்மாவையும் கட்டாயம் வரச் சொல்லு கண்ணு" என்றார். அத்தை கத்தரிக்காயைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். பாவம், வயதானவர், அத்தையைச் சொல்ல மறந்துவிட்டார் என்று நினைத்தேன். அது மறதி இல்லை என்று இப்போது தெரிகிறது. அப்படிப்பட்ட மறதிக்காரர்கள் அந்த ஒரு வருடத்தில் எத்தனையோ பேர் இருந்திருக்க வேண்டும். நல்ல காரியம் எதிலும் தன் கை படக்கூடாது என்று அத்தையே நம்ப ஆரம்பித்திருந்தாள்.

நாங்கள் தேக்காவுக்குப் போனது மஞ்சள் வாங்கத்தான். எனக்கு மஞ்சள் நிறத்தில் ஒரு தொப்பி வேண்டும் என்று கேட்டிருந்தேன். அத்தையிடம் வெள்ளைப் பஞ்சுதான் இருந்தது. நூற்ற நூலை மஞ்சளில் வேகவைத்துச் சாயமேற்றலாம் என்று அவளுக்கு யோசனை. மஞ்சள் நிற்காது, வெயிலில் ஓடிப்போகும் என்று அம்மா எச்சரித்தாள். தொப்பிக்காரியே வெயிலில் போவதில்லை அண்ணி, பரவாயில்லை என்றாள் அத்தை.

டிசம்பர் மாதம் அது. எனக்குப் பள்ளி விடுமுறை. அத்தை மிச்சமிருந்த லீவைப் போட்டுவிட்டு வீட்டில் இருந்தாள். கீழே மக்சிக் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை மூத்த மகளுக்கு நிக்காஹ். கீழிருந்து ஏலக்காயும் வறுத்த வெங்காயமும் மேலே மணந்துகொண்டிருந்தன. புதன்கிழமை காலை அத்தை ஒரு பழைய அலுமினியச் சட்டியில் மஞ்சளைக் கொதிக்கவைத்து நூல்கண்டை முக்கினாள். அது எனக்குக் கண் கூசும் மஞ்சளாகி வெளியே வந்தது. தண்ணீரில் அலசினாள். சமையலறை ஜன்னலுக்கு வெளியே துணி காயப்போடும் மூங்கில் கம்பில் நூலை மாட்டி, கம்பை வெளியே நீட்டி, சுவரில் பதித்திருந்த குழாயில் செருகினாள்.

மூங்கில் கம்பு உள்ள வீடுகளில் எல்லோருக்கும் தெரிந்த வழக்கம் ஒன்று உண்டு. ஈரத்தை வெளியே நீட்டுமுன் குனிந்து கீழே பார்க்க வேண்டும். கீழ்வீட்டுக் கம்பில் காய்ந்த துணி தொங்கினால், நம் துணியை இன்னும் பிழிய வேண்டும், அல்லது பொறுத்திருக்க வேண்டும். அத்தை குனிந்து பார்க்கவில்லை. பார்த்தால் மக்சிக் பார்ப்பார், பார்த்தால் கேட்பார். கம்பளி நூலை முறுக்கிப் பிழியவும் கூடாது. ஆகவே அது நிதானமாகச் சொட்டிக்கொண்டிருந்தது.

கொஞ்ச நேரத்தில் கீழே ஒரு குரல் எழுந்தது. அதற்குப் பிறகு அழுகை. பிறகு படியில் காலடிச் சத்தம். அம்மா கதவைத் திறந்தபோது மக்சிக்கும் கல்யாணப் பெண்ணும் நின்றிருந்தார்கள். பெண்ணின் கையில் நிக்காஹ்வுக்குப் போடவிருந்த வெள்ளைச் சட்டை. கஞ்சி போகட்டும் என்று அலசிக் காயப்போட்டிருக்கிறார்கள். தோளிலும் இரண்டு கைகளின் ஓரத்திலும் மஞ்சள் சொட்டியிருக்கிறது. அவள் பதறிப்போய் சோப்புப் போட்டுத் தேய்த்ததில் மஞ்சள் முழுக்க ரத்தச் சிவப்பாக மாறியிருந்தது. சட்டையைத் தைத்தவர் ஜொகூரில் இருக்கும் பெரியம்மா. புதிதாகத் தைக்க நேரமில்லை.

நான் சமையலறையைத் திரும்பிப் பார்த்தேன். அத்தை குளிர்சாதனப் பெட்டியோடு ஒட்டி நின்றுகொண்டிருந்தாள். அவளுடைய இரண்டு கைகளும் மணிக்கட்டு வரை மஞ்சள்.

அம்மா தன் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனாள். பிறகு தனக்குத் தெரிந்த சந்தை மலாயில், நான்தான், நான்தான் பார்க்காமல் காயப்போட்டுவிட்டேன் என்றாள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அம்மாவின் கைகள் சுத்தமாக இருந்தன. காலையிலிருந்து அவள் அந்த நூலைத் தொடவே இல்லை. மனதுக்குள் இருந்த பலகையில் அம்மாவின் பெயரைப் பெரிதாக எழுதினேன்.

அம்மா சட்டையை வாங்கினாள். அந்தச் சிவப்பு அவளைப் பயமுறுத்தவில்லை. ஆரத்தித் தட்டில் மஞ்சளோடு சுண்ணாம்பு சேர்ந்தால் வரும் அதே சிவப்புதான் அது. எலுமிச்சம்பழத்தைப் பிழிந்ததும் சிவப்பு மறுபடி மஞ்சளானது. மஞ்சளை வெயில் எடுத்துவிடும், கவலைப்படாதீர்கள், நான் பொறுப்பு என்றாள். மக்சிக் சட்டையைப் பார்க்கவில்லை. எலுமிச்சை பிழிந்த அம்மாவின் மஞ்சள் படியாத கைகளைப் பார்த்தார். சமையலறைப் பக்கம் ஒருமுறை பார்த்தார். பிறகு மகளைத் தோளோடு அணைத்துக்கொண்டு, சரி, உன் கையில் விட்டுவிட்டேன் என்று சொல்லி இறங்கிப் போனார். இவரெல்லாம் மானிட்டராக லாயக்கில்லை என்று நினைத்தேன்.

கதவைச் சாத்தியதும் அத்தை அறைக்குள் போனாள். வரும்போது கையில் ஒரு பிளாஸ்டிக் பை இருந்தது. அதில் பஞ்சு, நூல்கண்டுகள், குச்சி எல்லாம் இருந்தன. நேராகச் சமையலறைக்குப் போய், குப்பையைக் கீழே தள்ளும் குப்பைக்குழாயின் மூடியைத் திறந்தாள். குச்சி உள்ளே போகாமல் குறுக்கே நின்றது. அம்மா வந்து பையைப் பிடித்துக்கொண்டாள்.

"விடுங்க அண்ணி. அந்தப் பொண்ணு நிக்காஹ்க்குப் போடுற துணி அண்ணி அது. என் கை பட்டாலே இப்படித்தான்."

"உன் கை எங்க பட்டுச்சு? நான்தானே காயப்போட்டேன்."

"அண்ணி."

"இந்த வீட்டுக்கு மூத்தவ நான். இந்த வீட்டு ஜன்னல்ல எது தொங்குனாலும் அது நான் தொங்கவிட்டதுதான். அதுக்கு மேல பேச்சு இல்ல."

நான் அம்மாவைத் திருத்த வாயைத் திறந்தேன். அம்மா என்னை ஒரு பார்வை பார்த்தாள். திறந்த வாயில் ஒரு பிஸ்கட்டைப் போட்டுக்கொண்டு நகர்ந்துவிட்டேன். வீட்டில் நல்லது நடந்தால் தன்னால்தான் என்று அம்மா சொல்வது எனக்குப் பழக்கம். கெட்டது நடந்தாலும் விட்டுக்கொடுக்க மாட்டாளா என்று இருந்தது. பை மட்டும் அம்மாவின் கையில் இருந்தது. அதை அரிசி டின்னுக்குள் வைத்து மூடினாள்.

வெயில் எடுத்துவிடும் என்று அம்மா சொல்லிவிட்டாளே தவிர, வெயில் எங்கே? டிசம்பர் மழை நசநசவென்று பிடித்திருந்தது. வியாழக்கிழமை முழுக்க வானம் மூடிக் கிடந்தது. அத்தை அறையைவிட்டு வரவில்லை, சாப்பிடவும் இல்லை. வெள்ளிக்கிழமை காலை வெளிச்சம் வந்ததும் அம்மா வீட்டையே கிளப்பினாள். அன்று அப்பாவுக்கு ஓய்வு நாள். பல மாடிக் கார்ப்பார்க்கின் மொட்டை மாடிக்குச் சட்டையைக் கொண்டுபோனோம். அம்மா அதை விரித்துப் பிடிக்க, அப்பா விரித்த குடையோடு தயாராக நிற்க, மேகம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று சொல்வது என் வேலை. வெயில் நகர நகர நாங்களும் நகர்ந்தோம். காரை எடுக்க வந்த ஒருவர் வெகுநேரம் எங்களையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுப் போனார். மழை இரண்டு முறை எங்களை விரட்டியது. இரண்டு முறையும் அப்பா நனைந்தார், சட்டை நனையவில்லை.

மத்தியானத்துக்குள் தோளில் இருந்த கறை போயே போய்விட்டது. எனக்கு மந்திரம் போல இருந்தது. ஆனால் கைகளின் ஓரத்தில், சோப்புப் போட்டு அழுத்தித் தேய்த்த இடத்தில், ஒரு வெளிறிய மஞ்சள் கோடு விடாப்பிடியாக இருந்தது. மறுபடி மேகம் மூடியது. அதற்கு மேல் அன்று வெயில் வரவில்லை.

அம்மா சட்டையை எடுத்துக்கொண்டு கீழே போனாள், நானும் போனேன். தெரியவே இல்லை, பரவாயில்லை என்றார் மக்சிக். கல்யாணப் பெண் அந்தக் கோட்டின் மீது விரலை வைத்துத் தடவிக்கொண்டிருந்தாள். அந்த ஓரத்தை மறைக்க ஏதாவது லேஸ் பின்னி வைக்கலாமே, என் நாத்தனார் நன்றாகச் செய்வாள் என்றாள் அம்மா. பெண் நிமிர்ந்தாள். மேலே ஒரு அக்கா ஏதோ சுற்றிக்கொண்டே இருப்பாரே, கீழே நின்று பார்த்தால் கூடத்து ஜன்னலில் நிழல் தெரியும், அவரா என்று கேட்டாள்.

அத்தை முடியவே முடியாது என்றாள். கட்டிலில் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

"தெரிஞ்சா அவங்களே வேணாம்பாங்க அண்ணி."

"என்ன தெரிஞ்சா?"

அதற்குள் மக்சிக்கே படியேறி வந்துவிட்டார். அறை வாசலில் நின்று அத்தையைப் பார்த்தார். இதோ வருகிறது வீட்டுக்காரர் கேள்வி என்று நானே காத்திருந்தேன். அவர் கேட்கவில்லை. கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து, மஞ்சள் இன்னும் போகாத அத்தையின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். என் மகளுக்கு நீ செய்து கொடுப்பாயா என்று மட்டும் கேட்டார். பிறகு அத்தை எழுந்து உட்கார்ந்து, ஏதாவது நல்ல நாளுக்கென்று எடுத்து வைத்திருந்த வெள்ளைப் பட்டுப் பஞ்சு எங்கே என்று கேட்டாள். அம்மா ஓடிப்போய் அரிசி டின்னைத் திறந்தாள்.

பட்டு நூற்பது கம்பளி மாதிரி இல்லை. அது வழுக்கும். தேங்காயெண்ணெய் படக்கூடாது, கையில் சின்னச் சொரசொரப்பு இருந்தாலும் மாட்டிக்கொள்ளும். அத்தை கையைக் கழுவித் துடைத்துவிட்டுக் கூடத்தின் நடுவே நின்றாள். முதல் சுண்டிலேயே நூல் அறுந்தது. இரண்டாவதும் அறுந்தது. அம்மா, தன் பள்ளிக்கூடத்து டீச்சர் இங்கே இல்லை, யாரும் குட்டமாட்டார்கள் என்றாள். அத்தைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதற்குப் பிறகு நூல் அறுபடவில்லை. தலைமுடியைப் போல மெல்லிய ஒரு இழை அவள் விரலிலிருந்து இறங்கி இறங்கி, குச்சியில் ஏறி ஏறி, பளபளவென்று உருண்டது.

இழை இரண்டு உருண்டைகளாகச் சேர்ந்ததும் அவற்றைச் சேர்த்து எதிர்ப்பக்கமாக முறுக்க வேண்டும், அப்போதுதான் நூல் துவளாமல் நிற்கும். உருண்டைகள் ஓடாமல் இருக்க ஒவ்வொன்றையும் ஒரு கிண்ணத்தில் போட்டு, ஒன்றை என் கையிலும் ஒன்றை அம்மா கையிலும் கொடுத்தாள். இரண்டு கிண்ணத்திலிருந்தும் இழைகள் போய் அவள் விரலில் சேர்ந்து ஒன்றாயின. அம்மா அந்த மாலை முழுக்கக் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தாள். சோறு வடிக்கக்கூட எழவில்லை. அப்பா போய் ரொட்டி பிராட்டா வாங்கி வந்தார்.

சனிக்கிழமை அத்தை குரோஷா ஊசியோடு உட்கார்ந்தாள். சின்னச் சின்ன விசிறிகள் அடுத்தடுத்து விரிந்தது போல ஒரு கரை அவள் கையில் வளர்ந்தது. நான் பக்கத்தில் உட்கார்ந்து விசிறிகளை எண்ண முயன்று தூங்கிப்போனேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஒரு கைக்கான கரை தைத்தாகிவிட்டது. அடுத்த கையில் இன்னும் கொஞ்சம் பாக்கியிருக்கும்போதே, நேரமாகிவிட்டதென்று சட்டையைக் கீழே வாங்கிக்கொண்டு போனார்கள். கீழே தரைத்தளத்தில் பந்தல் துணிகள் கட்டி, மேசைகள் போட்டு, கொம்பாங் மேளக்காரர்கள் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பெண்ணுக்குச் சட்டை போட்டாகிவிட்டது, அக்கா வந்து கையிலேயே வைத்துத் தைத்து முடித்துவிடட்டும் என்று ஒரு பையன் வந்து சொல்லிவிட்டுப் போனான். அத்தை ஆபீஸ் போடும் உடுப்பில் இருந்தாள். அம்மா அலமாரியைத் திறந்து ஒரு பட்டுப்புடவையை எடுத்து நீட்டினாள். அத்தை அதை வாங்கிக் கட்டிக்கொண்டபோது அம்மா மடிப்புகளைப் பிடித்துவிட்டாள். ஏதோ அத்தைதான் கல்யாணப் பெண் என்பது போல நேரம் எடுத்துக்கொண்டாள்.

கீழ்வீட்டு நடையில் செருப்புகள் குவிந்து கிடந்தன. உள்ளே பெண்கள் கூட்டம். அத்தை வாசல்வரை வந்து நின்றுவிட்டாள். ஊசியும் நூலும் இருந்த பெட்டியை அம்மாவிடம் நீட்டி, நீங்களே தைத்துவிடுங்கள் அண்ணி என்றாள். அம்மா பெட்டியை வாங்கவில்லை. தனக்கு ஊசியில் நூல் கோக்கவே கண் தெரியாது என்றாள்.

உள்ளேயிருந்து கல்யாணப் பெண் அத்தையைப் பார்த்துவிட்டாள். முழு அலங்காரத்தில் எழுந்து வர முடியாமல், உட்கார்ந்த இடத்திலிருந்தே தன் கையை நீட்டினாள். கூட்டம் விலகி வழிவிட்டது. அத்தை செருப்பைக் கழற்றினாள். அந்த வருடத்தில் முதல்முறையாக ஒரு கல்யாண வீட்டுக்குள் போனாள். பெண்ணின் பக்கத்தில் மண்டியிட்டு உட்கார்ந்து, மருதாணி வைத்த அந்தக் கையைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, தைக்க ஆரம்பித்தாள். பெண் ஏதோ சொன்னாள். அத்தை தலையைக் குனிந்தபடியே சிரித்தாள்.

மக்சிக் ஒரு தட்டு நிறைய புளுட் என்னும் ஒட்டரிசியில் ஆக்கிய மஞ்சள் சோறு கொண்டுவந்து அம்மாவிடம் கொடுத்தார். இதிலும் உன் கைமஞ்சள்தான் என்று சொல்லி, அம்மாவின் கைகளை ஒருமுறை பார்த்துவிட்டுச் சிரித்தார். அம்மாவும் சிரித்தாள். நான் அந்தத் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். நூல் நூற்றது அத்தை, வெயிலுக்குக் காவல் இருந்தது நான், மழையில் நனைந்தது அப்பா. பொய் சொன்ன அம்மாவுக்குத்தான் பெரிய தட்டு. இதை எந்தப் பலகையில் எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை.

மக்சிக் உள்ளே போனதும் அம்மா தட்டை என் கையில் கொடுத்துவிட்டு, நடைச் சுவரின் பக்கம் திரும்பி, புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள். துடைத்தாள், மறுபடி துடைத்தாள். தோள்கள் லேசாகக் குலுங்கின.

"ஏம்மா?" என்றேன்.

"ஒண்ணுமில்ல லா. வேர்க்குது."

மழைக்காற்று நடை முழுக்க வீசிக்கொண்டிருந்தது. குளிரில் என் கைமுடி எல்லாம் சிலிர்த்து நின்றது. உள்ளே அத்தை நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டு நிமிர்ந்து எங்களைத் தேடினாள். அம்மா வேகமாகத் திரும்பி அவளுக்குக் கை காட்டினாள். வேர்க்குது என்றது அந்த வாரத்தில் அம்மா சொன்ன இரண்டாவது பொய் என்று நான் மனதில் குறித்துக்கொண்டேன்.